வட்டம் சுற்றுகிறது, படம் மங்குகிறது

இணையம் வழியாக வீட்டு டிவியில் ஓடும் படம் இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, படம் அப்படியே நின்று திரை நடுவில் வட்டம் சுற்றுவது. மற்றொன்றில் படம் நிற்பதில்லை. ஆனால் முகங்கள் குழைந்து, கூட்டக் காட்சிகள் கட்டம் கட்டமாக உடைந்து, பழைய விசிடியின் தரத்துக்கு இறங்கிவிடும். இரண்டையும் “நெட் ஸ்லோ” என்ற ஒரே புகாரில் அடக்கிவிடுவதும், பொறுமை போனதும் கூடுதல் வேகத் திட்டத்துக்கு மாறிவிடுவதும் வழக்கமாகிவிட்டது. மாதக் கட்டணம் கூடுகிறது. வட்டம் சுற்றுவது நிற்பதில்லை. ஃபைபர் இணைப்பு வந்துவிட்ட வீடுகளில் கோளாறு பெரும்பாலும் தெருவிலிருந்து வரும் கம்பியில் இருப்பதில்லை. ரூட்டருக்கும் டிவிக்கும் இடைப்பட்ட சில அடி தூரத்திலோ, டிவிக்குள்ளோ, வாங்கிய சந்தாவிலோ அது ஒளிந்திருக்கிறது. காசு செலவழிக்கும் முன் அது எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

துண்டு துண்டாக வரும் படம்

ஓடிடி நிறுவனங்கள் ஒரு படத்தை ஒரே கோப்பாக வைத்திருப்பதில்லை. அதே படத்தைக் கீழ்த் தரத்திலிருந்து 4கே வரை பல தரங்களில் சுருக்கி, ஒவ்வொன்றையும் சில விநாடி நீளமுள்ள துண்டுகளாக நறுக்கி வைத்திருக்கின்றன. டிவியில் உள்ள செயலி ஒரு துண்டை இறக்கும்போதே அது வந்து சேர எவ்வளவு நேரம் பிடித்தது என்று கணக்குப் பார்க்கும். சீக்கிரம் வந்தால் அடுத்த துண்டை உயர்ந்த தரத்தில் கேட்கும்; தாமதமானால் ஒரு படி இறங்கிக் கேட்கும். ஆப்பிள் 2009இல் கொண்டுவந்த ஹெச்எல்எஸ் முறையும், 2012இல் சர்வதேசத் தரமாக வெளியான டேஷ் முறையும் இந்த அடிப்படையில் இயங்குபவை. இன்று புழக்கத்தில் உள்ள சேவைகளில் பெரும்பாலானவை இவ்விரண்டில் ஒன்றையே நம்பியிருக்கின்றன.

பார்த்துக்கொண்டிருக்கும் காட்சிக்கு அடுத்த சில விநாடிகளையும் செயலி முன்கூட்டியே இறக்கிச் சேர்த்துவைக்கிறது. அந்தச் சேமிப்புக்குத்தான் பஃபர் என்று பெயர். அது காலியானால் வட்டம் தோன்றும். அப்படியானால் படம் மங்குவது, வட்டம் சுற்றாமல் தப்பிப்பதற்காகச் செயலி தெரிந்தே எடுக்கும் முடிவு. இதிலிருந்து கோளாறைப் பிரித்தறிய ஒரு வழி கிடைக்கிறது. படம் எப்போதும் ஒரே அளவு மங்கலாக இருந்தால், வேகம் சீராகக் குறைவாக இருக்கிறது, அல்லது சந்தாவோ கருவியோ உயர்ந்த தரத்தைத் தடுக்கிறது. தெளிவாக ஓடிக்கொண்டிருந்த படம் திடீர் திடீரென்று நின்றால், சராசரி வேகத்தில் குறையில்லை. இணைப்புதான் அவ்வப்போது அறுபடுகிறது. இந்த இரண்டாவது வகைக்கு வைஃபைதான் முதல் சந்தேக நபர். படம் தொடங்கிய முதல் சில விநாடிகள் மங்கலாக இருந்து பிறகு தெளிவது எந்த வகையிலும் சேராது. அது செயலி நிலவரத்தை ஆழம் பார்க்கும் நேரம்.

எவ்வளவு வேகம் தேவை என்பதில் மிகையான எண்ணம் பரவியிருக்கிறது. நெட்ஃபிளிக்ஸ் தன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் அளவு 720பி தரத்துக்கு 3 எம்பிபிஎஸ், 1080பி தரத்துக்கு 5, 4கேவுக்கு 15. யூடியூப் 4கேவுக்கு 20 எம்பிபிஎஸ் கேட்கிறது. ஒரு வீட்டில் இரண்டு டிவிகளில் ஒரே நேரத்தில் 4கே ஓடினாலும் 50 எம்பிபிஎஸ் இணைப்பு தாங்கும். கைப்பேசிகளுக்கும் கொஞ்சம் மிஞ்சும். அந்த வேகம் உண்மையிலேயே டிவி வரை வந்து சேர்ந்தால் 300 எம்பிபிஎஸ் திட்டம் அதே படத்தை ஒரு புள்ளிகூடக் கூடுதலாகத் தெளிவாக்காது. இன்னொரு குழப்பமும் உண்டு. திட்டங்களில் சொல்லப்படுவது மெகாபிட், கோப்பு இறங்கும்போது திரையில் தெரிவது மெகாபைட். ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதால் 100 எம்பிபிஎஸ் இணைப்பில் விநாடிக்கு 12.5 மெகாபைட்தான் இறங்கும். அதைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று எண்ண வேண்டியதில்லை.

டிவிக்குப் பக்கத்தில் சோதனை

வேகச் சோதனையைப் பலரும் ரூட்டருக்கு அருகில் நின்று கைப்பேசியில் செய்கிறார்கள். மனம் நிறைய ஒரு எண் கிடைக்கும். டிவியின் நிலைமை தெரியாது. சோதனை டிவியின் உலாவியிலேயே நடக்க வேண்டும். அது முடியாவிட்டால் கைப்பேசியை டிவிக்குப் பின்புறம் வைத்தாவது பார்க்க வேண்டும். நெட்ஃபிளிக்ஸ் 2016இல் தொடங்கிய ஃபாஸ்ட் டாட் காம் தளம் அந்த நிறுவனத்தின் சொந்த வழங்கிகளிலிருந்தே தரவை இறக்கிப் பார்ப்பதால், படம் வரும் பாதையின் நிலவரத்தையே காட்டும்.

இதைவிடக் கூர்மையான கருவி ஒன்று யூடியூப் செயலிக்குள்ளேயே இருக்கிறது, பயன்படுத்துபவர்கள் குறைவு. அமைப்புகளில் “ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்” என்பதை இயக்கினால் ஓடும் படத்தின் மேல் சிறு கட்டம் ஒன்று விரியும். இப்போது ஓடும் தரம், இணைப்பின் வேகம், பஃபரில் எத்தனை விநாடி சேர்ந்திருக்கிறது, எத்தனை ஃபிரேம்கள் விடுபட்டன என்று எல்லாம் அதில் இருக்கும். பஃபர் இருபது, முப்பது விநாடி நிறைந்திருந்தும் படம் திக்கினால் குற்றம் இணையத்தின் மீதில்லை. வந்த படத்தை விரித்துக் காட்ட டிவியின் சிப்புக்குத் திராணி போதவில்லை. விடுபட்ட ஃபிரேம்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போவது அதற்குச் சாட்சி. பஃபர் பூஜ்யத்தை நோக்கி இறங்கினால் இணைப்பைப் பார்க்க வேண்டும். பஃபர் நிறைந்து, ஃபிரேமும் விடுபடாமல், தரம் மட்டும் 480பியிலேயே நின்றால் தடுப்பது ஏதோ ஓர் அமைப்பு.

அந்த அமைப்புகள் பலவும் செலவில்லாமல் சரிசெய்யக்கூடியவை. நெட்ஃபிளிக்ஸில் ஒவ்வொரு சுயவிவரத்துக்கும் தரவுப் பயன்பாட்டு அளவு தனித்தனியாக உண்டு. எப்போதோ கைப்பேசி டேட்டாவை மிச்சப்படுத்த “குறைவு” என்று வைத்தது அந்தச் சுயவிவரத்தில் டிவியிலும் தொடரும். அதனால் அப்பாவின் சுயவிவரத்தில் தெளிவாக ஓடும் அதே படம் பிள்ளையின் சுயவிவரத்தில் மங்கலாகத் தெரியலாம். சந்தாவும் தரத்துக்கு வரம்பு கட்டுகிறது. நெட்ஃபிளிக்ஸ் 2021 டிசம்பரில் இந்தியாவில் கட்டணத்தைக் குறைத்தபோது 149 ரூபாய் மொபைல் திட்டத்தின் வரம்பு 480பி. 4கே வேண்டுமென்றால் 649 ரூபாய் திட்டம். தரத்தின் கடிவாளம் நிறுவனங்களின் கையில்தான் இருக்கிறது என்பது 2020 ஊரடங்கில் வெளிப்படையாகவே தெரிந்தது. அந்த மார்ச் மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தின் கோரிக்கையை ஏற்று நெட்ஃபிளிக்ஸ் அங்கே பிட் அளவைக் குறைத்தது. இந்தியாவில் செயல்படும் நிறுவனங்கள் கைப்பேசி இணைப்புகளில் 480பிக்கு மேல் தருவதில்லை என்று ஏப்ரல் 14 வரை ஒப்புக்கொண்டன.

கருவியின் தடை இன்னொரு வகை. திருட்டைத் தடுக்கும் வைட்வைன் பூட்டு எல்1, எல்3 என்ற நிலைகளில் வருகிறது. எல்1 சான்று பெற்ற கருவியில் படம் வன்பொருளின் பாதுகாப்பான பகுதிக்குள்ளேயே திறக்கப்படும். எல்3 மென்பொருள் அளவிலான பூட்டு. அத்தகைய கருவிகளுக்கு முன்னணிச் சேவைகள் ஹெச்டி தருவதில்லை. மலிவான சில ஆண்ட்ராய்டு பெட்டிகளில் யூடியூப் பளிச்சென்றும் நெட்ஃபிளிக்ஸ் மங்கலாகவும் இருப்பதன் மர்மம் இதுதான். எவ்வளவு வேகமான இணையம் போட்டாலும் அது மாறாது. ஹெச்டிஎம்ஐ வழியில் 4கே வர, பெட்டி, நடுவில் உள்ள ஸ்பிளிட்டர் அல்லது ஹோம் தியேட்டர், டிவி என வழியிலுள்ள அத்தனையும் ஹெச்டிசிபி 2.2 பாதுகாப்பு முறையை ஏற்க வேண்டும். ஒன்று ஏற்காவிட்டாலும் தரம் இறங்கும், சில நேரம் கறுப்புத் திரையே மிஞ்சும். படத்தைச் சுருக்கும் முறையும் கணக்கில் வரும். யூடியூப் தன் 4கே படங்களை விபி9, ஏவி1 முறைகளில்தான் தருகிறது. அவற்றை விரிக்கத் தெரியாத பழைய டிவி 1080பியோடு நின்றுவிடும். இத்தகைய டிவியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. நல்ல ஸ்ட்ரீமிங் ஸ்டிக் ஒன்று போதும்.

அந்த ஸ்டிக்குக்கு மின்சாரத்தை டிவியின் யூஎஸ்பி துளையிலிருந்து எடுக்காமல், உடன் வந்த அடாப்டரிலிருந்து கொடுப்பது நல்லது. டிவியோடு ஒட்டிச் சூட்டில் வேகாமல், சிறு நீட்டிப்புக் கேபிளில் தொங்கவிட்டால் சூடும் குறையும், வைஃபையும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். செயலிகளைப் புதுப்பிப்பதும், நினைவகத்தை அடைத்துக்கொண்டிருக்கும் வேண்டாத செயலிகளை நீக்குவதும் எல்லோரும் அறிந்ததே.

சுவரும் பீரோவும்

ஃபைபர் போட வருபவர் தெருப் பக்கத்து ஜன்னல் சட்டத்தில் ஓட்டை போட்டு, கம்பி எட்டும் முதல் இடத்தில் ரூட்டரை மாட்டிவிட்டுப் போவார். அது பெரும்பாலும் வாசல் மூலை, பரண், மீட்டர் பெட்டிக்கு மேல், அல்லது மாடிப்படி அடி. டிவியோ இரண்டு சுவர் தாண்டி உள் அறையில் இருக்கும். நடுவில் ஒரு எஃகு பீரோ, ஃபிரிட்ஜ், ஆளுயரக் கண்ணாடி. உலோகம் ரேடியோ அலையைத் திருப்பி அடிக்கும். கண்ணாடிக்குப் பின்னால் பூசிய உலோகப் படலமும் அதையே செய்யும். கம்பி கட்டி வார்த்த கான்கிரீட் தளம் செங்கல் சுவரைவிடப் பெரிய தடை. கீழ்த்தளத்து ரூட்டரை நம்பி மாடியில் படம் பார்ப்பவர்கள் படும் பாடு இதனால்தான். வீட்டின் நடுப்பகுதியில், நெஞ்சு உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில் ரூட்டர் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். அழகுக்காக ஷோகேஸுக்குள் அடைப்பது அதற்குச் செய்யும் கெடுதல். ஃபைபர் பெட்டியை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, அதிலிருந்து நீளமான லேன் கேபிள் ஒன்றை இழுத்து ரூட்டரை மட்டும் நகர்த்த முடியும். இரண்டும் ஒரே பெட்டியாக இருந்தால் இன்னொரு ரூட்டரை நடுவீட்டில் வைக்கலாம்.

வைஃபை இரண்டு முக்கியப் பட்டைகளில் இயங்குகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டை சுவரைத் தாண்டித் தூரம் போகும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது வீட்டு ரூட்டர்களும் இந்த மூன்றில்தான் முட்டிக்கொள்கின்றன. ப்ளூடூத்தும் அதே பட்டை. மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான் இயங்குகிறது, எனவே சமையலறையில் சாம்பார் சூடாகும் நேரத்தில் கூடத்தில் படம் நிற்பது தற்செயல் அல்ல. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டை தூரம் குறைந்தது, ஆனால் வேகமும் இடமும் தாராளம். மத்திய அரசு 2018 அக்டோபரில் இந்தப் பட்டையில் 605 மெகாஹெர்ட்ஸ் அளவை உரிமம் தேவையில்லாத பயன்பாட்டுக்குத் திறந்துவிட்டது. டிவியும் ரூட்டரும் ஒரே அறையிலோ அடுத்த அறையிலோ இருந்தால் டிவி இருக்க வேண்டிய இடம் 5 கிகாஹெர்ட்ஸ்தான். ரூட்டர் இரண்டு பட்டைக்கும் ஒரே பெயரை வைத்திருந்தால் டிவி பல நேரம் 2.4ஐப் பற்றிக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, டிவியில் 5இன் பெயரை மட்டும் சேமிப்பது ஐந்து நிமிட வேலை. செலவும் இல்லை, பலன் உடனே தெரியும்.

அலையின் பலத்தைக் கைப்பேசிச் செயலிகள் டிபிஎம் அளவில் காட்டும். மைனஸ் 50க்கு அருகில் இருந்தால் அருமை. வீடியோவுக்கு மைனஸ் 67 வரை பொறுத்துக்கொள்ளலாம். மைனஸ் 80ஐத் தொட்டால் வட்டம் உறுதி. பலம் நன்றாக இருந்தும் படம் நின்றால் நெரிசல் காரணம். அப்போது சேனலை மாற்றிப் பார்க்க வேண்டும்.

வைஃபையைச் செப்பனிடுவதைவிட அதைத் தவிர்ப்பதே சிறந்த வழி. நகராத டிவிக்கு வைஃபை ஒரு வசதியே தவிர தேவை அல்ல. கேட்5இ வகைக் கேபிள் 100 மீட்டர் வரை விநாடிக்கு ஒரு ஜிகாபிட் தாங்கும். பல ஸ்மார்ட் டிவிகளின் லேன் துளை 100 எம்பிபிஎஸ்தான் என்பதைச் சுட்டிக்காட்டி, வைஃபையே வேகம் என்று வாதிடுபவர்கள் உண்டு. எண் கணக்கில் அது சரி. ஆனால் 20 எம்பிபிஎஸ் கேட்கும் படத்துக்கு 100 போதும், அறுபடாமல் வருவதுதான் முக்கியம். சுவரோரமாகக் கேபிள் ஓடுவதைப் பார்க்கச் சகிக்காதவர்களுக்கு, வீட்டின் பல இடங்களில் வைத்து வைஃபையைப் பரப்பும் மெஷ் கருவிகள் உண்டு. கடையில் முதலில் கையில் திணிக்கப்படும் மலிவான ரிப்பீட்டர் மட்டும் வேண்டாம். ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்புவதால் அது வேகத்தைப் பாதியாக்கிவிடும். திரையில் சிக்னல் கோடுகள் நிறைந்து காட்டும், படம் ஓடாது.

வீட்டுக்குள்ளேயே நடக்கும் இன்னொரு சதி எளிதில் கண்ணில் படாது. மேகக் கணினிக்கு நாள் முழுதும் படம் அனுப்பும் சிசிடிவி கேமரா, கல்யாண வீடியோக்களைப் பின்னணியில் பதிவேற்றிக்கொண்டிருக்கும் கைப்பேசி, இவை மேல்நோக்கிய பாதையை நிரப்பிவிடும். படம் கீழ்நோக்கித்தானே வருகிறது என்று தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு துண்டையும் கேட்பதும், வந்ததை ஒப்புக்கொள்வதும் மேல்நோக்கித்தான் போக வேண்டும். ரேஷன் கடை வரிசையில் நாலு மூட்டைக்காரர் முன்னால் நின்றால் தீப்பெட்டி வாங்க வந்தவரும் காத்திருப்பதுபோல, அந்தச் சின்னஞ்சிறு கோரிக்கைகள் ரூட்டரின் வரிசையில் தேங்கும். இணைய வரலாற்றில் நன்கு ஆராயப்பட்ட இந்தக் கோளாறுக்கு பஃபர்ப்ளோட் என்று பெயர். கேத்லீன் நிக்கோல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் 2012இல் வெளியிட்ட கோடல் முறை இதற்கு மருந்து. எஸ்க்யூஎம் அல்லது ஸ்மார்ட் க்யூ என்ற பெயரில் இதைத் தரும் ரூட்டர்களில், வேக வரம்பை உண்மையான வேகத்தில் தொண்ணூறு சதவீதத்துக்குச் சற்றுக் கீழே வைத்தால் வரிசை தேங்காது. அந்த வசதி இல்லாத ரூட்டர் என்றால், புகைப்படப் பதிவேற்றத்தை நள்ளிரவுக்குத் தள்ளுவதும் கேமராவின் தரத்தைக் குறைப்பதும் கைக்கெட்டிய வழி.

கம்பியில் கோளாறு என்றால்

இவ்வளவுக்குப் பிறகும் படம் தேறாவிட்டால், மடிக்கணினியை லேன் கேபிளில் நேரடியாக ரூட்டரில் செருகிச் சோதிக்க வேண்டும். காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் எடுத்த அளவுகளை ஒப்பிட்டால் விஷயம் விளங்கும். இரண்டுமே குறைவு என்றால் கம்பியிலோ கருவியிலோ பழுது. இரவில் மட்டும் குறைந்தால் நெரிசல். வீடுகளுக்கு வரும் ஜிபான் வகை ஃபைபரில் விநாடிக்கு சுமார் 2.5 ஜிகாபிட்டை ஒரு ஸ்பிளிட்டர் வழியாக 32 அல்லது 64 வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. அதற்கு மேல் உள்ளூர் ஆபரேட்டர் வாங்கியிருக்கும் மொத்த இணைப்பின் அளவும் ஒரு வரம்பு. மாத முதல் வாரம் நன்றாக ஓடி, கடைசி வாரம் மட்டும் படுத்துவிட்டால் டேட்டா வரம்பு முடிந்து வேகம் குறைக்கப்பட்டிருக்கும். 4கே படம் மணிக்கு ஏழு ஜிபி வரை குடிக்கும்.

ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். அந்தச் சிவப்பு விளக்கு எரியாவிட்டாலும் ஒளி பலவீனமாக இருக்கலாம்; பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் வரும் ஒளியின் அளவு மைனஸ் 27 டிபிஎம்மை நெருங்கினால் இணைப்பு விட்டு விட்டு அறுபடும். ஆணியில் இறுகச் சுற்றிய, கதவிடுக்கில் நசுங்கிய ஃபைபரும் தூசி படிந்த கனெக்டரும் வழக்கமான காரணங்கள். கண்ணாடி இழை இறுக வளைந்தாலே ஒளி கசியும் என்பதை வீட்டுக்கு வெள்ளையடிப்பவர்கள் அறிவதில்லை. மின்வெட்டின்போது இன்வெர்ட்டர் மாறும் கணத்தில் ரூட்டர் அணைந்து எழுந்தால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மினி யூபிஎஸ் அதைத் தாங்கிப் பிடிக்கும்.

டிஎன்எஸ் மாற்றினால் வேகம் கூடும் என்பது பாதி மூடநம்பிக்கை. டிஎன்எஸ் முகவரியைக் கண்டுபிடித்துத் தருவதோடு சரி. படத்தைச் சுமந்து வருவதில்லை. பயனர் இருக்கும் இடத்தை மறைக்கும் பொது டிஎன்எஸ் சேவையால், அருகில் உள்ள வழங்கிக்குப் பதில் தொலைவில் உள்ளதற்கு டிவி அனுப்பப்படுவதும் நடக்கும். விபிஎன் பாதையை நீளமாக்குகிறது. வைஃபை பூஸ்டர் என்ற பெயரில் விற்கும் கைப்பேசிச் செயலிகள் விளம்பரம் காட்டுவதைத் தவிர எதையும் செய்வதில்லை.

பழுது நிறுவனத்தின் பக்கம் என்று உறுதியானால், லேன் கேபிளில் எடுத்த அளவுகளோடு புகார் கொடுத்து, புகார் எண்ணைக் கட்டாயம் வாங்கிக்கொள்ள வேண்டும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012இல் வகுத்த விதிகளின்படி முதலில் புகார் மையம். அங்கே தீர்வு கிடைக்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரி. எண் இல்லாத தொலைபேசிப் புலம்பல் கணக்கில் ஏறாது. வைஃபையில் எடுத்த அளவைக் காட்டினால் அதை வைத்தே புகாரை முடித்துவிடுவார்கள்.

வீட்டில் சரிசெய்ய முடியாதவை

நெட்ஃபிளிக்ஸ் தன் படங்களை இணைய நிறுவனங்களின் வளாகத்திலேயே சேமித்து வைக்க 2012இல் ஓப்பன் கனெக்ட் திட்டத்தை அறிவித்தது. மற்றவர்களும் இத்தகைய வலைப்பின்னல்களை நம்பியிருப்பதால் திரைப்படங்கள் பெரும்பாலும் பக்கத்து ஊரிலிருந்தே வருகின்றன. நேரலை அப்படியல்ல. முன்கூட்டி இறக்கிச் சேர்த்துவைக்கக் காட்சியே இன்னும் பிறந்திருக்காது, பஃபர் சிறியது. 2023 நவம்பர் 19 அன்று நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தார்கள். அந்த அளவு நெரிசலில் தரம் இறங்கினால் ரூட்டரை அணைத்துப் போடுவதால் பயன் இல்லை. டிடிஹெச் வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் விக்கெட் முன்னதாக விழுவதும் கோளாறு அல்ல, துண்டாக நறுக்கி அனுப்பும் முறையின் இயல்பு.

சில குறைகள் டிவியின் படவமைப்பில் இருக்கின்றன. படம் நாடகம்போல வழவழவென்று தெரிந்தால், இல்லாத ஃபிரேம்களை டிவி இட்டுக்கட்டிச் சேர்க்கிறது. 2018இல் டாம் க்ரூஸ், இயக்குநர் கிறிஸ்டோஃபர் மெக்குவாரியுடன் தோன்றி, இந்த மோஷன் ஸ்மூத்திங்கை அணைத்துவிடும்படி ரசிகர்களைக் கேட்டு ஒரு வீடியோவே வெளியிட்டார். ஷார்ப்னஸைக் கூட்டுவதும் படத்தைத் தெளிவாக்காது. சுருக்கத்தில் விழுந்த கட்டங்களைத்தான் எடுப்பாகக் காட்டும். இருட்டுக் காட்சிகளில் தெரியும் பட்டை பட்டையான வளையங்கள் சுருக்கத்தின் விளைவு. 2019 ஏப்ரலில் கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரின் இரவுப் போர் அத்தியாயத்தைப் பார்த்தவர்கள் ஒன்றுமே தெரியவில்லை என்று கொதித்ததற்கு, இருட்டாக எடுத்த காட்சியோடு இந்தச் சுருக்கமும் சேர்ந்துகொண்டது. அறை விளக்கை அணைத்து, டிவியை சினிமா முறைக்கு மாற்றினால் ஓரளவு மேம்படும்.

மூலமே மங்கல் என்றால் வீட்டில் செய்வதற்கு எதுவும் இல்லை. இணையத்தில் கிடைக்கும் பழைய தமிழ்ப் படங்களில் பல, வீடியோ கேசட் காலத்துப் பிரதிகளிலிருந்து ஏற்றப்பட்டவை. அவற்றை 4கே டிவி நாலு மடங்குக்கு மேல் இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுவதால் குறைகள் கூடுதலாகவே தெரியும். ஃபிலிம் சுருளைத் தேடிப் பிடித்து, புதிதாக ஸ்கேன் செய்து சீரமைத்தால்தான் அதற்கு வழி பிறக்கும். 1964இல் வந்த கர்ணன் படத்தை அப்படிச் சீரமைத்து 2012இல் மீண்டும் தியேட்டர்களில் வெளியிட்டார்கள்.